ஜி.டி.நாயுடு முதல் மடக்குக் கத்தி வரை: காப்புரிமை எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது?

வால்பாறை மலையில் கத்தி இல்லாமல் வேலை நடக்காது. தேயிலைச் செடியைக் கவாத்து செய்யக் கத்தி, புதர் வெட்டக் கத்தி, மிளகுக்கொடி அறுக்கக் கத்தி. இந்தக் கத்திகளை அடித்துக் கொடுக்கிற பட்டறைக்காரர் ஒருவர், வெளிநாட்டு மடக்குக் கத்தி ஒன்றைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கையாலேயே திறக்கலாம், திறந்ததும் 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும். நாமும் இதேபோல் செய்து விற்கலாமே என்று அவருக்குத் தோன்றுகிறது.

அடுத்த நொடியே சந்தேகமும் வருகிறது. இதற்குக் காப்புரிமை இருக்குமே, செய்தால் கேஸ் போடுவார்களா? எதைப் பார்த்துச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடக் கொங்கு மண்ணில் ஒருவருடைய வாழ்க்கையைப் பார்த்தாலே போதும். கையில் கிடைத்ததை எல்லாம் கழற்றிப் பார்த்தவர், சவர பிளேடு செய்தவர், கார் செய்தவர், கடைசியில் அந்தக் காரை விற்க முடியாமல் போனவர். கோவை ஜி.டி.நாயுடு.

கழற்றிப் பார்த்த பையன்

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று, கோவை அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒட்டவில்லை; படிப்பு சீக்கிரமே நின்றுபோனது. ஆனால் தானாகப் படிக்கிற பழக்கம் கடைசி வரைக்கும் விடவில்லை.

அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது ஒரு மோட்டார் சைக்கிள். வெள்ளைக்கார வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் 'ரட்ஜ்' மோட்டார் சைக்கிளில் ஊருக்குள் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, வண்டி மட்டும் ஓடுகிறது. அதைப் பார்த்த இளைஞருக்கு அப்படி ஒரு வண்டி தனக்கும் வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. கோவைக்கு வந்து ஹோட்டலில் சர்வராக வேலை பார்த்தார். காசு சேர்த்தார். கடைசியில் அந்த வண்டியையே வாங்கினார்.

வாங்கியவர் ஊர் சுற்றக் கிளம்பவில்லை. வண்டியை அக்கக்காகக் கழற்றினார். திரும்பப் பூட்டினார். அவருக்கு மெக்கானிக் படிப்பு என்றால் அதுதான்.

இங்கேயே நம் முதல் கேள்விக்குப் பதில் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பொருளைக் கழற்றிப் பார்ப்பதை, அது எப்படி வேலை செய்கிறது என்று கற்றுக்கொள்வதைக் காப்புரிமைச் சட்டம் தடுப்பதில்லை. இன்னும் சொல்லப்போனால், இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1970-ன் 47-வது பிரிவு, பரிசோதனைக்காகவும் ஆராய்ச்சிக்காகவும் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதற்காகவும் மட்டும் என்றால், காப்புரிமை உள்ள பொருளைச் செய்து பார்க்கவும் அனுமதிக்கிறது. ஆகவே வால்பாறைப் பட்டறைக்காரர் அந்த மடக்குக் கத்தியைப் பிரித்துப் பார்க்கலாம். கற்றுக்கொள்ள அதேபோல் ஒன்று செய்தும் பார்க்கலாம். சிக்கல் வருவது, அதை வியாபாரமாக்கும்போதுதான்.

பொள்ளாச்சியிலிருந்து பழநிக்கு

1920-ல், கோவையின் தொழில் முன்னோடி ராபர்ட் ஸ்டேன்ஸின் உதவியோடு நாயுடு ஒரு பஸ்ஸை வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஓட்டினார். வண்டியை ஓட்டியதும் அவரே. வால்பாறை மலையேறுகிறவர்கள் இன்றைக்கும் தாண்டிப் போகிற அதே பொள்ளாச்சிதான் அவருடைய தொழிலுக்குத் தொடக்கம்.

ஒரு பஸ் பல பஸ்களாகி, 'யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ்' என்ற நிறுவனமானது. யு.எம்.எஸ். என்று சுருக்கமாகச் சொன்னாலே அன்றைக்குக் கொங்கு வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். 1930-களில் நாட்டின் பெரிய பேருந்து நிறுவனங்களில் ஒன்றாக அது வளர்ந்தது.

பஸ் தொழில் அவருக்கு இரண்டைக் கொடுத்தது. ஒன்று, பணம். இன்னொன்று, சொந்தப் பட்டறை. பழுதுபார்க்கிற இடமே புதிது செய்கிற இடமாகவும் மாறியது. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனார், தொழிற்சாலைகளைப் பார்த்தார், கேமராவும் கையுமாக அலைந்தார். பார்த்ததை எல்லாம் ஊருக்கு வந்து செய்து பார்த்தார்.

பிளேடும் ரேசரும் சொல்கிற பாடம்

நாயுடு செய்த பொருள்களின் பட்டியல் நீளமானது. பழச்சாறு பிழியும் கருவி, கேமராவில் தூரத்தைச் சரிசெய்யும் சாதனம், மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, முறைகேடு செய்ய முடியாத வாக்குப்பதிவு இயந்திரம். ஆனால் மக்கள் மனதில் நின்றவை இரண்டு: மிக மெல்லிய சவர பிளேடு, 'ரசாந்த்' என்ற மின் ரேசர். டார்ச் லைட்டில் போடுகிற மாதிரி உலர் பேட்டரியில் ஓடக்கூடியது அந்த ரேசர். வீட்டுக்கு மின்சாரம் வராத காலத்தில் அது எவ்வளவு பெரிய வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது ஒரு கேள்வி. பிளேடு ரேசரைக் கண்டுபிடித்தவர் நாயுடுவா? இல்லை. அமெரிக்காவின் கிங் ஜில்லெட், பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளேடு கொண்ட ரேசருக்கு 1904-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். மின் ரேசரும் அப்படித்தான். அமெரிக்காவின் ஜேக்கப் ஷிக் 1931-ல் தன் மின் ரேசரை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அப்படியென்றால் நாயுடு எப்படிச் செய்தார்? இங்கேதான் காப்புரிமையின் இரண்டு முக்கிய விதிகள் வருகின்றன.

முதல் விதி: காப்புரிமைக்கு ஆயுள் உண்டு. ஜில்லெட்டின் 1904 காப்புரிமை அமெரிக்காவில் 1921-ல் முடிந்துபோனது. அதன் பிறகு அந்த அமைப்பு ஊர்ச் சொத்து. யார் வேண்டுமானாலும் அதேபோல் ரேசர் செய்யலாம், அதற்குப் பொருந்துகிற பிளேடு செய்யலாம். இந்தியாவிலும் இதே கதைதான். நாயுடு காலத்தில் அமலில் இருந்த 1911-ம் ஆண்டுச் சட்டத்தின்படி முதலில் 14 ஆண்டு, பிறகு 16 ஆண்டு. இப்போது, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. நடுவில் ஆண்டுக் கட்டணம் கட்டாமல் விட்டால் அதற்கு முன்பே காலாவதியாகிவிடும்.

இரண்டாவது விதி: காப்புரிமை என்பது நோக்கத்துக்கு அல்ல, வழிக்கு. மின்சாரத்தால் சவரம் செய்வது என்ற ஆசையை யாரும் பூட்டி வைக்க முடியாது. எந்த மோட்டார், எந்த இணைப்பு, எந்த வெட்டும் அமைப்பு என்று விண்ணப்பத்தில் எழுதி உரிமை கோரியிருக்கிறார்களோ அது மட்டும்தான் அவர்களுடையது. வேறு வழியில் அதே வேலையைச் செய்தால் அது உங்களுடையது.

நாயுடுவின் பிளேடு உரிமையை அமெரிக்க நிறுவனம் பெருந்தொகைக்குக் கேட்டது, அவர் மறுத்துவிட்டார் என்று கோவையில் ஒரு கதை உண்டு. தொகை மட்டும் சொல்கிற ஆளுக்கு ஆள் மாறும். கதை கிடக்கட்டும். முடிந்துபோன காப்புரிமையின் மேல் ஏறி நின்று அடுத்த படியைக் கட்டுவது திருட்டு அல்ல. சட்டம் எதிர்பார்ப்பதே அதைத்தான். கண்டுபிடித்தவர் ரகசியத்தை முழுசாக எழுதிக் கொடுக்கிறார். பதிலுக்கு அரசு அவருக்குச் சில ஆண்டுகள் தனியுரிமை கொடுக்கிறது. காலம் முடிந்ததும் அந்த அறிவு எல்லோருக்கும். காப்புரிமை என்கிற ஒப்பந்தமே இவ்வளவுதான்.

மடக்குக் கத்திக்கு வருவோம்

மடக்குக் கத்தியில் மூன்று விஷயங்களுக்குத்தான் பெரும்பாலும் காப்புரிமை வாங்குவார்கள். திறக்கிற விதம், திறந்ததும் பூட்டிக்கொள்கிற லாக், மூடியிருக்கும்போது தானாகத் திறக்காமல் பிடித்து வைக்கிற அமைப்பு.

லைனர் லாக் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு ஒன்று, கத்தி திறந்ததும் ஸ்பிரிங் மாதிரி நகர்ந்து அலகின் அடிப்பகுதிக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். அலகு மடங்காது. இதன் ஆரம்ப வடிவத்துக்கு அமெரிக்காவின் கேட்டராகஸ் கத்தி நிறுவனம் 1906-லேயே காப்புரிமை வைத்திருந்தது. அது முடிந்து எத்தனையோ காலமாகிவிட்டது. 1980-களில் மைக்கேல் வாக்கர் என்ற கத்திக் கலைஞர் அதை மெருகேற்றி, இன்று நாம் பார்க்கிற வடிவத்துக்குக் கொண்டுவந்தார். உலகம் முழுக்க இன்று எத்தனையோ பேர் அந்த அமைப்பில் கத்தி செய்கிறார்கள். ஆனால் 'லைனர்லாக்' என்ற பெயரை வாக்கர் வணிகச் சின்னமாகப் பதிவு செய்தார். அமைப்பு பொது, பெயர் தனி.

அலகில் வட்டத் துளை போட்டுக் கட்டைவிரலால் திறக்கிற முறையும் இதேபோலத்தான். அமெரிக்காவின் ஸ்பைடர்கோ நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் அதற்குக் காப்புரிமை வாங்கியது. காலம் முடிந்தது. ஆனால் அந்த வட்டத் துளையையே தங்கள் வணிகச் சின்னமாக அங்கே பதிந்து வைத்திருக்கிறார்கள். காப்புரிமை சாகும், வணிகச் சின்னத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தால் சாகாது. இதைக் கவனிக்காமல் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு.

பெஞ்ச்மேட் நிறுவனத்தின் 'ஆக்சிஸ்' லாக் இன்னொரு உதாரணம். அலகுக்குக் குறுக்கே ஓடும் சிறு கம்பிதான் பூட்டு. 1990-களின் கடைசியில் வந்தது. காப்புரிமை உயிரோடு இருந்தவரை மற்றவர்கள் அதைத் தொட முடியவில்லை. முடிந்ததும் நிறுவனத்துக்கு நிறுவனம் அதே அமைப்பை வேறு வேறு பெயரில் இறக்கிவிட்டார்கள். 'ஆக்சிஸ்' என்ற பெயரை மட்டும் தொடவில்லை.

அமெரிக்கக் காப்புரிமை வால்பாறையில் செல்லுமா?

செல்லாது. காப்புரிமை நாட்டுக்கு நாடு தனி. அமெரிக்காவில் வாங்கியது அமெரிக்காவுக்கு மட்டும். இந்தியாவிலும் வேண்டும் என்றால் இங்கேயும் விண்ணப்பிக்க வேண்டும். முதல் விண்ணப்பத்திலிருந்து 12 மாதத்துக்குள், அல்லது பன்னாட்டு ஒப்பந்த வழியில் வந்தால் 31 மாதத்துக்குள். அந்தக் கெடுவைத் தவறவிட்டு, கண்டுபிடிப்பும் உலகுக்குத் தெரிந்துவிட்டால், இந்தியாவில் அதற்கு உரிமை கிடைப்பது ஏறக்குறைய முடியாத காரியம்.

அதனால், இந்தியாவில் காப்புரிமை இல்லாத ஒரு லாக்கை இங்கே செய்து இங்கேயே விற்கலாம். ஆனால் அதே கத்தியை, காப்புரிமை உயிரோடு இருக்கிற அமெரிக்காவுக்குப் பார்சல் போட்டால் அங்கே அது மீறல். இணையத்தில் ஆர்டர் வாங்குகிறவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

இன்னொன்று. 'நான் யாரையும் பார்த்துச் செய்யவில்லை, நானாகவே யோசித்தேன்' என்று சொன்னால் தப்பிக்க முடியாது. காப்புரிமை உயிரோடு இருந்தால், நீங்கள் சொந்தமாகக் கண்டுபிடித்திருந்தாலும் செய்து விற்பது மீறல்தான். 'ஒரே ஒரு கத்திதான் செய்தேன்' என்பதும் விதிவிலக்கு ஆகாது.

1952: இரண்டாயிரம் ரூபாய் கார்

மறுபடி நாயுடுவிடம் வருவோம். 1937-ல் பீளமேட்டில் அவர் தொடர்புடைய நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸில் டி.பாலசுந்தரம் நாயுடு மின் மோட்டாரை உருவாக்கினார். இந்தியாவிலேயே தயாரான முதல் மோட்டார் என்று அது பெயர் பெற்றது. 1941-ல், ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று நாயுடு அறிவித்தார். 1952-ல் இரண்டு பேர் உட்காரக்கூடிய பெட்ரோல் கார் வந்தது. விலை 2,000 ரூபாய்.

கார் ஓடியது. ஆனால் தொழில் ஓடவில்லை. தயாரிக்க அரசு லைசென்ஸ் கொடுக்கவில்லை. தொழில்களுக்கு உரிமம் கட்டாயமாக்கிய 1951-ம் ஆண்டுச் சட்டம் அமலுக்கு வந்தது அதே 1952 மே மாதத்தில்தான். அந்தக் கார் அத்தோடு நின்றது.

காப்புரிமை பற்றி நினைக்கும்போது பலரும் தவறாகப் புரிந்துகொள்கிற விஷயம் இதில் இருக்கிறது. காப்புரிமை என்பது செய்வதற்கான அனுமதி அல்ல. அடுத்தவர் செய்வதைத் தடுக்கிற உரிமை மட்டுமே. கையில் எத்தனை காப்புரிமை இருந்தாலும், வேறு சட்டம் தடுத்தால் பொருள் கடைக்கு வராது. நாயுடுவின் காரை நிறுத்தியது வேறொருவரின் காப்புரிமை அல்ல, லைசென்ஸ்.

கத்திக்கும் இது பொருந்தும். வீடு, விவசாயம், தொழில் ஆகிய பயன்பாட்டுக்காக வடிவமைக்கப்படாத, 9 அங்குலத்தை விட நீளமான அல்லது 2 அங்குலத்தை விட அகலமான அலகுள்ள கத்திகள் ஆயுதச் சட்ட விதிகளுக்குள் வருகின்றன. லாக்குக்குக் காப்புரிமைச் சிக்கல் இல்லை என்பதால் மட்டும் எந்தக் கத்தியையும் செய்துவிடலாம் என்று ஆகிவிடாது.

நான்கு வருடம் எதற்கு என்று கேட்ட முதல்வர்

பள்ளிப் படிப்பை முடிக்காதவர், கல்லூரி நடத்தவும் வந்தார். 1945-ல் அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் கோவையில் பொறியியல் கல்லூரி தொடங்க அவர் காரணமாக இருந்தார். அதன் முதல் முதல்வரும் அவரே. இன்று தடாகம் சாலையில் இருக்கும் அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் வேர் அது.

பொறியியலுக்கு நான்கு வருடம் தேவையில்லை, காலம் வீணாகிறது என்பது நாயுடுவின் எண்ணம். அரசு அதை ஏற்கவில்லை. அவர் விலகினார். அதன் பிறகு குறுகிய காலத் தொழிற்பயிற்சிகளைத் தானே நடத்தினார். கழற்றிப் பூட்டிக் கற்ற மனுஷன், மற்றவர்களுக்கும் அதே வழியைத்தான் காட்டினார். கோவையின் பட்டறைப் பண்பாட்டில் அந்தப் பழக்கம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருவர் பம்ப் செய்தால் பக்கத்துப் பட்டறையில் அதைவிட நல்லதாகச் செய்யப் பார்ப்பார்கள்.

பட்டறைக்காரர் என்ன செய்ய வேண்டும்?

* முதலில் தேடுங்கள். இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். பொருளின் பெயரை மட்டும் போடாமல், நிறுவனத்தின் பெயரையும் போட்டுப் பாருங்கள்.
* காப்புரிமை கிடைத்தால், அது உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். 20 ஆண்டு முடிந்ததா, கட்டணம் கட்டாமல் விட்டுவிட்டார்களா என்பது அங்கேயே தெரியும்.
* படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆவணத்தின் கடைசியில் 'உரிமைக் கோரல்கள்' என்று எண் போட்டு எழுதியிருப்பார்கள். அதுதான் வேலி. அதற்கு வெளியே இருப்பது திறந்த வெளி.
* பெயரையும் தோற்றத்தையும் தனியாகச் சரிபாருங்கள். வணிகச் சின்னம் ஒரு பதிவு, வடிவமைப்பு இன்னொரு பதிவு. பதிவு செய்த வடிவமைப்புக்கு 10 ஆண்டு, நீட்டித்தால் மேலும் 5 ஆண்டு பாதுகாப்பு.
* காப்புரிமை உயிரோடு இருந்தால், உரிமையாளரிடம் அனுமதி கேட்கலாம். சிறு எண்ணிக்கையில் கைவேலை செய்கிறவர்களுக்கு லைசென்ஸ் கொடுக்கிற நிறுவனங்கள் உண்டு.

புதிதாக ஒரு லாக்கை நீங்களே கண்டுபிடித்துவிட்டால்? தனிநபர் இணையவழியில் விண்ணப்பிக்க அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய். ஆய்வுக் கட்டணம் தனி. தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை கிண்டியில். தெரிந்த பாகங்களை இடம் மாற்றி அடுக்கினால் மட்டும் காப்புரிமை கிடைக்காது. சட்டத்தின் 3(எஃப்) பிரிவு அதைக் கண்டுபிடிப்பாகவே ஏற்பதில்லை. பணமும் உழைப்பும் போடும் முன் காப்புரிமை முகவர் ஒருவரைப் பார்த்துவிடுவது நல்லது.

முக்கியமாக ஒன்று: விண்ணப்பிக்கும் முன் வெளியே காட்டாதீர்கள். கண்காட்சியில் வைத்தாலும், யூடியூபில் வீடியோ போட்டாலும், வாட்ஸ்அப் குழுவில் படம் பகிர்ந்தாலும் 'புதுமை' போய்விட்டது என்று விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். அரசு அறிவிக்கை செய்த கண்காட்சி என்றால் மட்டும் 12 மாத அவகாசம் உண்டு. முழு வடிவம் தயாராகவில்லை என்றால் தற்காலிக விவரக் குறிப்பைத் தாக்கல் செய்துவிட்டு, முழு விவரத்தை 12 மாதத்துக்குள் கொடுக்கலாம்.

அவிநாசி சாலையில்

ஜி.டி.நாயுடு 1974 ஜனவரி 4 அன்று காலமானார். அப்போது வயது 80. அதற்கு ஒன்றே முக்கால் வருடம் முன்புதான், 1972 ஏப்ரலில், இன்றைய காப்புரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. 2025 அக்டோபரில் கோவை அவிநாசி சாலையில் திறக்கப்பட்ட 10 கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கு அவருடைய பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அதே சாலையில்தான் அவருடைய அருங்காட்சியகமும் இருக்கிறது. அவர் காலத்துக் கருவிகளுக்கு ஏதாவது காப்புரிமை இருந்திருந்தாலும் எல்லாம் காலம் முடிந்தவை. அவற்றைப் பார்த்து, வரைந்துகொண்டு, ஊருக்குப் போய் அதேபோல் செய்து விற்பதை எந்தக் காப்புரிமையும் இன்று தடுக்காது. வால்பாறைப் பட்டறைக்காரரும் மலையிறங்கி வந்து ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டுப் போகலாம்.